சாமக்கொடை அன்னைக்கு இருட்டிப்போன வியூஃபைண்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

ராத்திரி பன்னெண்டே கால் இருக்கும். சேரன்மாதேவி தாண்டி ஆத்தங்கரையில ஒரு ஊரு, சுடலைமாடன் கோயில் ஆடிக் கொடை, வியாழக்கிழமை சாமிய அழைக்குத குடி அழைப்புலருந்து நான்தான் போட்டோ, வெள்ளிக்கிழமை நடுச்சாமத்துல நடக்குத சாமக்கொடைக்கு பூடத்துக்கு, அதாவது சாமி பீடத்துக்கு முன்னாடி எடம் பிடிச்சு நிக்கேன். மேளம் ஏறுது, பொம்பளையாளுக குரவை போடுதாவ, சாமியாடுத கோமரத்தாடி மணி வச்ச சல்லடத்த இடுப்புல கட்டி வல்லயத்த, அதான் ஈட்டிய, கையில எடுக்காரு, நான் கேமரா வியூஃபைண்டர கண்ணுல வச்சேன். உள்ள ஒண்ணுமே இல்ல. கருப்பு. லென்ஸ் மூடிய கழத்தலையோன்னு கையால தடவிப் பாத்தேன், கழத்தித்தான் இருக்கு. ஓரத்துல நம்பரெல்லாம் பளிச்சுன்னு தெரியுது, ஷட்டர் தெறக்குத நேரம் 1/160 செகண்டு, லென்ஸ் தொறப்பு அதாவது அப்பர்ச்சர் எஃப் 5.6 (நம்பர் கூடினா தொறப்பு சின்னது), வெளிச்சத்த கூட்டிக் காட்டுத ஐஎஸ்ஓ 400, அதுக்குப் பின்னாடி படம் மட்டும் இல்ல, தீப்பந்தம் மட்டும் ரெண்டு ஆரஞ்சுப் புள்ளியா ஆடுது.

அந்த பன்னெண்டு நிமிசத்துல 38 தடவ அழுத்தியிருக்கேன், ஆளுக கையில கொடுக்கிற மாதிரி தேறினது மூணு. கொடை வருசத்துக்கு ஒருக்கா, ஊர்க்காரங்க பம்பாய்லருந்தும் மெட்ராஸ்லருந்தும் லீவு போட்டு வந்து வரி கட்டி நடத்துத காரியம், அருள் எறங்குத நேரத்த இன்னொருக்கா நடத்திக் காட்டுங்கன்னு யார்கிட்டயும் கேக்க முடியாது, அந்த பாரம் இன்னும் மனசுல கெடக்கு. அதான் வீட்டுக்கு வந்து ஃபைல ஒண்ணொண்ணா தெறந்து, நேரம், ஐஎஸ்ஓ, ஷட்டர் எல்லாம் பாத்து, எங்க எங்க தப்பு விழுந்துச்சுன்னு நோட்டுல எழுதினேன். உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறின நம்ம பக்கத்துப் பையங்க நாலஞ்சு பேரு, பிளாஷ் வச்சு எடுக்கும்போது வியூஃபைண்டர் ஏன் கருப்பாகுதுன்னு இதே கேள்வியோட வந்துட்டாங்க, அவங்களுக்காக முழுசா சொல்லிருதேன்.

கேமரா சோனி ஏ செவன் த்ரீ, லென்ஸ் டாம்ரான் 28-75 எஃப் 2.8. அதுக்கு மூணு மாசம் முன்னாடி வரைக்கும் பத்து வருசமா உள்ள கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர் கேமராதான். பிளாஷ் கேமரா மேல இல்ல, கூட வந்த தம்பி மோனோபாட்ல சின்ன சாஃப்ட்பாக்ஸ் மாட்டி எனக்கு எடது பக்கம் பிடிச்சுகிட்டு நிப்பான், கேமரா மேல இருந்தது தள்ளி நிக்குத பிளாஷ அடிக்க வைக்குத, நடுவுல ஒரே ஒரு பின் உள்ள சாதா மேனுவல் ட்ரிக்கர். இப்படி தனியா வச்சதுக்கு ரெண்டு காரணம். தொறந்த வானத்துக்குக் கீழ பிளாஷ மேல திருப்பினா பவுன்ஸ் ஆக சீலிங் கிடையாது. இன்னொண்ணு, கொடை நடத்துத அண்ணாச்சி மொதல் நாளே சொல்லிட்டாவ, "தம்பி, சாமி மொகத்துக்கு நேரா லைட்டு வெட்டப்பிடாது, பக்கத்துலருந்து எடுத்துக்கிடுங்க"ன்னு. நியாயமான பேச்சு, அருள்ல இருக்குத மனுசன் கண்ணுக்கு நேரா பளிச்சுன்னு அடிக்கிறது எனக்கே பிடிக்காது.

தப்பு ராத்திரி தொடங்கல, சாயந்தரமே தொடங்கியிருக்கு. வில்லுப்பாட்டு நடக்கும்போது பந்தல்ல டியூப் லைட்டு எரியுது, ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, ஷட்டர் 1/100 வச்சு பிளாஷ் இல்லாமதான் எடுத்தேன். 1/100 ஏன்னா நம்ம ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட்டு செகண்டுக்கு 100 தடவ விட்டு விட்டு எரியும், 1/100 இல்லன்னா 1/50 வச்சா பட்டை பட்டையா விழாது. புலவர் கதை சொல்லும்போது ஷட்டர் சத்தம் கேக்கப்பிடாதுன்னு சைலண்ட் ஷூட்டிங்க ஆன் பண்ணியிருந்தேன். வியூஃபைண்டர் அருமையா இருந்துச்சு, திரையில என்ன தெரியுதோ அதான் படத்துல விழுது, மிரர்லெஸ்னா இதுதாம்பா சுகம்னு தம்பிகிட்ட சொன்னது ஞாபகம் இருக்கு. அந்த சுகந்தான் ராத்திரி என்னைய கவுத்துச்சு.

சாமக்கொடைக்கு பந்தல் லைட்ட, சீரியல் செட்ட எல்லாம் அணைச்சுட்டாவ. வெறும் தீப்பந்தமும் பூடத்துல எரியுத வெளக்குந்தான், ஆடிக்காத்துல அதுவும் நிக்காம ஆடுது. நான் பழக்க தோசத்துல டிஎஸ்எல்ஆர்ல கொடைக்கு எப்பவும் வைக்கிற செட்டிங்க வச்சேன்: எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, 1/160, பிளாஷ் கால் பவர். பன்னெண்டடி தூரத்துக்கு அந்த சாஃப்ட்பாக்ஸோட அது சரியான கணக்குதான். கண்ணுல வச்சா கருப்பு. சரி அழுத்திப் பாப்போம்னு அழுத்தினேன், பிளாஷ் எரியல. ட்ரிக்கர் பேட்டரியா, சேனல் மாறிட்டானு தம்பி அங்கன தடுமாறுதான், நான் இங்கன தடுமாறுதேன், மூணு நிமிசம் போச்சு. காரணம் சைலண்ட் ஷூட்டிங். அது எலெக்ட்ரானிக் ஷட்டர், அது ஆன்ல இருந்தா இந்த கேமராவுல பிளாஷ் அடிக்கவே அடிக்காது. அத ஆஃப் பண்ணினதும் பிளாஷ் எரிஞ்சுது, ஆனா வியூஃபைண்டர் அப்பவும் கருப்புதான்.

இந்த எடத்துலதான் பெரிய தப்பு பண்ணினேன். கண்ணுக்கு ஏதாவது தெரியணுமேன்னு ஐஎஸ்ஓவ ஏத்தினேன். 1600, 3200, 6400. மங்கலா ஆளுக தெரிய ஆரம்பிச்சாங்க, அப்பாடான்னு அழுத்திட்டே போனேன். 400-லருந்து 6400 போனா 16 பங்கு, பிளாஷ் பவர் கால்லயே நிக்கி. வீட்டுல வந்து பெரிசாக்கிப் பாத்தா கோமரத்தாடி நெத்தியில பூசின திருநீறுக்கும் அவர் மொகத்துக்கும் வித்தியாசமே இல்ல, எல்லாம் ஒரே வெள்ளை, புருவம் ரெண்டும் மூக்கு ஓட்டையும் மட்டும் கருப்பா நிக்கி, மார்ல கெடந்த மாலையில பூவு எது நாரு எதுன்னு தெரியல. ஒரு ஸ்டாப்புன்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, 16 பங்குன்னா நாலு ஸ்டாப்; நாலு ஸ்டாப் ஓவர்ல போன ஃபைல், சென்சார் எடுத்தத அப்படியே வச்சிருக்குத ராவா இருந்தாலும் மீளாது. வியூஃபைண்டர்ல பாக்கணும்னு நான் மாத்தின ஐஎஸ்ஓதான் படத்த எரிச்சிருக்கு.

ஏன் கருப்பாச்சு? டிஎஸ்எல்ஆர்ல லென்ஸ் வழியா வாற வெளிச்சம் கண்ணாடியில பட்டு, மேல பென்டாபிரிசம் வழியா நேரா நம்ம கண்ணுக்கு வந்துரும், லென்ஸும் முழுசா தெறந்தே இருக்கும், நீங்க எஃப் 16 வச்சாலும் ஐஎஸ்ஓ 100 வச்சாலும் வியூஃபைண்டர் மாறாது. மிரர்லெஸ்ல கண்ணுக்கு வாறது சென்சார் எடுத்து சின்ன திரையில போட்டுக் காட்டுத வீடியோ. மேனுவல் மோட்ல நீங்க வச்ச ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூணையும் வச்சு, இப்ப இருக்குத வெளிச்சத்துல படம் எப்படி விழும்னு முன்கூட்டியே காட்டுது. சோனியில இதுக்குப் பேரு லைவ் வியூ டிஸ்ப்ளே, அதுல செட்டிங் எஃபெக்ட் ஆன். சாயந்தர செட்டிங்லருந்து ராத்திரி செட்டிங்குக்கு கணக்கு போட்டுப் பாருங்க: அப்பர்ச்சர்ல நாலுல ஒண்ணு, ஐஎஸ்ஓவுல நாலுல ஒண்ணு, ஷட்டர்ல கொஞ்சம், மொத்தம் இருபத்தஞ்சு பங்கு கம்மி, அதுக்கு மேல டியூப் லைட்டும் போயிட்டு. கருப்பாகாம என்ன செய்யும்? கேமரா சொன்னது உண்மைதான், பிளாஷ் இல்லாம எடுத்தா அந்தப் படம் கருப்பாத்தான் விழும். ஆனா பிளாஷ் எரியுதது படம் எடுக்குத அந்த ஒரு நொடியில, ஆயிரத்துல ஒரு செகண்டு, அதுக்கும் கம்மி. அது எரியுததுக்கு முன்னாடி எந்த வியூஃபைண்டராலும் அத காட்ட முடியாது. ஒத்த பின் ட்ரிக்கர்ல "பிளாஷ் மாட்டியிருக்கு"ன்னு கேமராவுக்குச் சொல்ல வழியும் இல்ல, அந்த பின்னு அடிங்குத ஒரே சொல்லத்தான் கடத்தும்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டு முத்தத்துல மெயின ஆஃப் பண்ணிட்டு, ஒரு அரிக்கேன் வெளக்க ஏத்தி வச்சு தம்பிய நிப்பாட்டி பாத்தேன். அதே எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, 1/160. கருப்பு. மெனுவுல போயி செட்டிங் எஃபெக்ட ஆஃப் பண்ணினேன், முத்தம் மொத்தமும் தெரியுது, தொட்டி மேல கவுத்து வச்ச வாளி வரைக்கும் தெரியுது. இப்ப கேமரா என் செட்டிங்க பாக்காம தானே வெளிச்சத்த கூட்டிக் காட்டுது, ஓரத்துல வியூன்னு ஒரு சின்ன அடையாளம் வருது. அழுத்தினேன், தம்பி மொகம் ஒழுங்கா விழுந்துச்சு. சாமக்கொடை அன்னைக்கு எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு மாத்தந்தான்னு நெனைக்கும்போது வயிறு எரிஞ்சுது.

ஆனா இத ஆஃப் பண்ணிட்டா எல்லாம் சரின்னு நெனைச்சிராதீக, நானும் அன்னைக்கு அப்படித்தான் நெனைச்சேன். இருட்டுல வெளிச்சத்த கூட்டிக் காட்டணும்னா சென்சார் ஒவ்வொரு ஃப்ரேமையும் கொஞ்ச நேரம் கூட எடுக்கணும், அதனால வியூஃபைண்டர் இழுக்கும். தம்பிய கைய வீசச் சொன்னா கைக்குப் பின்னாடி கை வருது. பொரிப் பொரியா நாய்ஸும் இருக்கு, ஆனா அது திரையில உள்ளது, படத்துல விழாது, அதப் பாத்து பயப்பட வேண்டாம். வெளக்கு ஃப்ரேமுக்குள்ள வந்தா மொத்தமும் இருட்டும், வெளிய போனா மொத்தமும் வெளுக்கும், தீப்பந்தம் சுத்துத எடத்துல இது கண்ண ரொம்ப படுத்தும். எல்லாத்தவிட முக்கியம், இப்ப திரையில தெரியுத வெளிச்சத்துக்கும் விழப்போற படத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அழுத்துததுக்கு முன்னாடி காட்டுத ஹிஸ்டோகிராமுக்கும், அதான் படத்துல இருட்டு எவ்வளவு வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுத வரைபடத்துக்கும், பிளாஷப் பத்தி ஒண்ணும் தெரியாது. எடுத்து முடிச்ச படத்தோட ஹிஸ்டோகிராமத்தான் நம்பணும்.

ஃபோகஸ் தனிக்கதை. 38-ல வெளுத்து எரிஞ்சு போகாத படங்கள்லயும் ஒம்பது படத்துல ஃபோகஸ் பின்னாடி உள்ள ஆலமரத்துக்கு ஓடிட்டு. இந்த கேமராவுக்கு கம்பெனி சொல்லுத இருட்டு எல்லை மைனஸ் 3 ஈவி (ஈவிங்குதது வெளிச்சத்த அளக்குத அளவு, கொறைய கொறைய இருட்டு), ஆனா அது எஃப் 2 லென்ஸுக்கு. செட்டிங் எஃபெக்ட் ஆன்ல இருக்கும்போது லென்ஸ் நீங்க வச்ச அப்பர்ச்சருக்கே சுருங்கி நிக்கும், எஃப் 5.6-ன்னா எஃப் 2-வ விட எட்டுல ஒரு பங்கு வெளிச்சந்தான் சென்சாருக்குப் போகும், அது ஃபோகஸ் தேடித் தேடி அல்லாடும். நான் விடாம ஃபோகஸ் தேடிட்டே இருக்குத ஏஎஃப்-சியில வேற இருந்தேன், முன்பக்கம் உள்ள செவப்பு உதவி லைட்டு, ஒரு தடவ ஃபோகஸ் பிடிச்சு நிக்குத ஏஎஃப்-எஸ்லதான் எரியும். டிஎஸ்எல்ஆர் காலத்து பிளாஷுல செவப்பா கோடு கோடா ஒரு ஒளி அடிச்சு ஃபோகஸுக்கு உதவுமே, அத மிரர்லெஸ் மேல மாட்டினா பெரும்பாலும் அந்த ஒளி வராது, அது பழைய ஃபோகஸ் சென்சாருக்காக செஞ்சது. உதவி லைட்ட சாமியாடி மொகத்துல அடிக்கவும் எனக்கு மனசு வரல, அதனால வேற வழி பாக்கணும்.

எங்க பக்கம் கொடை முடிஞ்சு எட்டாம் நாள் எட்டாம் கொடைன்னு சின்னதா ஒரு பூசை உண்டு. அண்ணாச்சி வீட்டுக்குப் போயி நடந்தத மறைக்காம சொன்னேன். அவ்வோ செத்த நேரம் பேசாம இருந்துட்டு, "சரி, எட்டாம் கொடைக்கு வந்து நில்லும், சாமி வந்தா எடும், வரலைன்னா வீட்டுக்குப் போவும்"னாவ. காசு பேச்சே எடுக்கல. நானும் வாங்குததா இல்ல.

இந்த தடவ செட்டிங் மொதல்லருந்தே வேற. எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/60, பிளாஷ் 1/32. கணக்கு ஒண்ணுதான், ஐஎஸ்ஓவுல ரெண்டு ஸ்டாப்பு, அப்பர்ச்சர்ல ஒரு ஸ்டாப்பு கூடிச்சு, பிளாஷ்ல மூணு ஸ்டாப்பு கொறைச்சேன். பிளாஷ் வெளிச்சம் 5500 கெல்வின் பக்கம் வெள்ளையா இருக்கும், பந்தம் 2000 கெல்வின் பக்கம் செவசெவன்னு இருக்கும், ரெண்டும் சேந்தா மொகம் தனியா வெட்டி ஒட்டின மாதிரி தெரியும், அதுக்காக நாடக லைட்டுக்காரங்க போடுத ஆரஞ்சு ஜெலட்டின் பேப்பர பிளாஷ் வாயில ஒட்டினேன். அது கொஞ்சம் வெளிச்சத்த முழுங்கும், 1/32-க்கு மேல ரெண்டு கிளிக் ஏத்திக்கிட்டேன். பவர் கம்மிங்கதால பிளாஷ் வெரசா ரீசார்ஜ் ஆகுது, தம்பி பேட்டரி மாத்தவே இல்ல. 1/60-ல பந்தத்து வெளிச்சமும் ஓரளவு படத்துல விழுது, கொடைன்னு பாத்தா கொடையா தெரியணும்லா, பின்னாடி இருட்டுக் குகை மாதிரி இருந்தா அது எந்த ஊர்க் கோயில்னே தெரியாது.

வேலை செஞ்ச முறை இதுதான். மொதல்ல செட்டிங் எஃபெக்ட் ஆன்ல வச்சு பந்த வெளிச்சம் மட்டும் எப்படி விழுதுன்னு பாத்தேன், மங்கலா தெரிஞ்சா போதும், அது பின்புலம். பொறவு ஆஃப் பண்ணி பிளாஷுக்கு மாறினேன். அந்த மெனுவ மை மெனுவுல மொத வரியில வச்சிருக்கேன், இருட்டுல தேட வேண்டாம். ஆட்டோ ரிவ்யூவையும் ஆஃப் பண்ணினேன், இல்லன்னா எடுத்த படம் ரெண்டு செகண்டு கண்ணுக்கு முன்னாடி நிக்கும், அந்த ரெண்டு செகண்டுல சாமி எங்கயோ போயிரும். வியூஃபைண்டர் பிரைட்னஸ கையால கொறைச்சு வச்சேன். இருட்டுல பழகின கண்ணுக்கு அந்த திரை சூரியன் மாதிரி இருக்கும், படம் நல்ல வெளிச்சமா இருக்குன்னு ஏமாத்தும், கேமராவ எறக்கினா அந்தக் கண்ணுல தரை தெரியாது. எடது கண்ண மூடாதீக. பூடத்துப் படி எங்க இருக்கு, பந்தக்காரர் எங்க வாறாருன்னு அந்தக் கண்ணுதான் சொல்லும்.

ஃபோகஸ மேனுவலுக்கு மாத்தினேன். 35 எம்எம்மில எஃப் 5.6 வச்சு பத்தடியில ஃபோகஸ் பண்ணி நிறுத்தினா ஏறக்கொறைய ஏழடியிலருந்து பதினேழடி வரைக்கும் தெளிவா விழும், எஃப் 4-ல இது கொஞ்சம் சுருங்கும். பத்தடியில மண்ணுல ஒரு சின்ன கல்ல வச்சு அடையாளம் பண்ணிக்கிட்டேன், அவர் அந்தக் கல்லுப் பக்கம் வந்தா அழுத்தணும், அம்புட்டுதான். ஃபோகஸ்ல இருக்குத ஓரத்த கலர்ல மினுங்கிக் காட்டுத பீக்கிங்க போட்டா இருட்டுல நாய்ஸும் சேந்து மினுங்குது, அதனால லெவல லோவுல வச்சேன்.

வியூஃபைண்டர் இழுக்குததுக்கு என்ன பண்ணுததுன்னு யோசிச்சேன், கடைசியில காதுதான் வழி காட்டிச்சு. நையாண்டி மேளத்துல தவிலும் பம்பையும் சேந்து ஒரு எடத்துல ஓங்கி விழும், கோமரத்தாடி குதிக்கிறது அந்த அடியிலதான். கண்ணு பாத்து அழுத்தினா கால் தரைக்கு வந்த பொறவுதான் படம் விழும். அடிய காதுல வாங்கி, அது விழுகதுக்கு ஒரு இம்மி முன்னாடி அழுத்தினேன். ஒரு படத்துல சல்லடத்து மணி வரிசையா மேல தூக்கி நிக்கி, வல்லயத்து நுனியில கட்டின மணி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, நெத்தித் திருநீறுல வேர்வை ஓடின கோடு தனியா தெரியுது, பின்னாடி பந்தம் இழுத்த செவப்புக் கோடு. அன்னைக்கு 44 ஷாட்டு, 29 தேறிச்சு.

வேற கேமரா வச்சிருக்கவங்களுக்கு: கேனான்ல இது எக்ஸ்போஷர் சிமுலேஷன்ங்குத பேருல இருக்கும், டிசேபிள் பண்ணணும். ஃபியூஜியில ப்ரிவ்யூ எக்ஸ்போஷர்னு தொடங்குத வரி, மேனுவல் மோடுக்குன்னே தனியா உண்டு, அத ஆஃப் பண்ணணும். நிக்கான் இசட்ல மொதல்ல வந்த மாடல்கள்ல அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ, அதையும் ஆஃப் பண்ணணும். அந்தந்த கம்பெனி பிளாஷயே கேமரா மேல மாட்டினா பல கேமரா தானா தெரிஞ்சுகிட்டு திரைய வெளிச்சமாக்கிரும், அதனாலதான் சிலர் எனக்கு இந்தப் பிரச்சனையே வரலையேன்னு சொல்லுதாங்க. மேனுவல் ட்ரிக்கருக்கு மாறுத அன்னைக்கு அவங்களுக்கும் வரும். அதனால புது ட்ரிக்கர் வாங்கினா கல்யாணத்துக்கோ கொடைக்கோ கொண்டு போறதுக்கு முன்னாடி வீட்டுல லைட்ட அணைச்சு ஒரு தடவ கண்ணுல வச்சுப் பாருங்க, சைலண்ட் ஷட்டர் ஆஃப்ல இருக்கான்னும் பாருங்க.

இன்னும் ஒண்ணு எனக்கு பிடிபடல. அருள் மொதல்ல எறங்குத அந்த நொடி மேளத்து அடியிலயும் வராது, கல்லுப் பக்கத்துலயும் வராது, கூட்டத்துல உக்காந்திருக்க யாராவது ஒருத்தர் சடார்னு எந்திரிப்பாங்க. அங்க மேனுவல் ஃபோகஸும் உதவாது, இழுக்குத வியூஃபைண்டரும் உதவாது. அதுக்கு 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், எஃப் 2-ல ஏஎஃப் எப்படி பிடிக்கின்னு முத்தத்துல அதே அரிக்கேன் வெளக்க வச்சு பாத்துகிட்டு இருக்கேன். ஆல்பத்துல சாமக்கொடைப் பக்கத்துல அந்த மூணு படத்தையே ஒட்டினேன், எட்டாம் கொடைப் படங்கள அதுக்கு அடுத்த பக்கத்துல தனியா, நாள் எழுதி வச்சேன். அண்ணாச்சி ரெண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஆல்பத்த பூடத்துக்கு முன்னாடி கொண்டுபோயி வச்சு திருநீறு போட்டு எடுத்துட்டு வந்தாவ.